துயிலாச் சூழலறிவு: திறன்பேசிகளில் குறைமின்திறன் உணரி மையங்களின் அமைப்பும் இயக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

திறன்பேசி தன்னை வைத்திருப்பவர் நடக்கிறாரா, வாகனத்தில் செல்கிறாரா, தன்னை அழைக்கிறாரா என்பனவற்றை நாள் முழுவதும் அறிந்தவண்ணம் உள்ளது. இவ்வறிதல் முழுவதையும் முதன்மைச் செயலியே மேற்கொண்டால் மின்கலத்தின் பெரும்பகுதி அதற்கே செலவாகிவிடும். இச்சிக்கலுக்குத் தீர்வாக அமைந்ததே உணரி மையம் எனப்படும் குறைமின்திறன் துணைச் செயலி. அதன் அமைப்பு, இயங்குமுறை, வளர்ச்சி ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. மின்சேமிப்பு, செயலி சிறியது என்பதனால் மட்டும் கிட்டுவதன்று. எதற்காகப் பெரிய செயலியை எழுப்ப வேண்டும் என்று முடிவுசெய்யும் படிநிலை ஒழுங்கினாலேயே கிட்டுகிறது என்பது கணக்கீடுகள் வழி நிறுவப்படுகிறது. முதற்படி விட்டுவிடும் நிகழ்வு எந்தப் பதிவிலும் இடம்பெறுவதில்லை என்பதும், திறன்பேசித் தரவுகளை ஆய்வுக்குப் பயன்படுத்துவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உணரி மையம், சூழலறிவு, குறைமின்திறன், படிநிலை விழிப்பு, முடுக்கமானி, பிழைவிழிப்பு, தவறவிடுதல்.

முன்னுரை

கணினி மனிதரின் அன்றாட வாழ்வில் கண்ணுக்குத் தெரியாதவாறு கலந்துவிட வேண்டும் என்னும் கருத்தை மார்க் வைசர் 1991-ஆம் ஆண்டு வெளியிட்டார். அவர் பணியாற்றிய ஜெராக்ஸ் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தின் சூழலிலிருந்தே, பயனரின் இடத்தையும் அவரைச் சுற்றியுள்ள ஆட்களையும் பொருள்களையும் அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் மென்பொருள் என்னும் எண்ணமும் உருவானது. 1994-இல் பில் ஷிலிட், மார்வின் தெய்மர் ஆகியோர் அதற்குச் 'சூழலறிவுடைய' என்னும் பொருள்தரும் அடைமொழியை வழங்கினர். 2001-இல் அனிந்த் டே, ஓர் ஆளின், இடத்தின் அல்லது பொருளின் நிலையை விவரிக்க உதவும் தகவல் எதுவும் சூழலாகும் என விரிவாக வரையறுத்தார்.

வரையறை விரிவாக இருந்த அளவுக்கு அதனைச் செயற்படுத்தும் கருவி அன்று இல்லை. சூழல் எந்நேரமும் மாறிக்கொண்டிருப்பது. பயனர் திரையைத் தொடும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் கருவி, தொடாத நேரத்தில் நிகழ்ந்தவற்றை அறியாது. சூழலை அறிய வேண்டுமெனில் கருவி எப்போதும் விழித்திருக்க வேண்டும். மின்கலம் நீடிக்க வேண்டுமெனில் அது பெரும்பொழுது துயில வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளையும் ஒருசேர நிறைவேற்றும் முயற்சியே உணரி மையத்தின் வரலாறு.

'செயலி' என்னும் சொல் இன்று கணிப்பை நிகழ்த்தும் வன்பொருளையும், பயனர் நிறுவிக்கொள்ளும் மென்பொருளையும் குறிக்கிறது. குழப்பம் தவிர்க்கும் பொருட்டு இக்கட்டுரையில் அச்சொல் வன்பொருளுக்கு மட்டுமே ஆளப்படுகிறது. மற்றது 'பயன்பாட்டு மென்பொருள்' எனப்படுகிறது.

1. மின்செலவின் அடிப்படைக் கணக்கு

சிக்கலின் அளவை உணர ஓர் எளிய கணக்கு உதவும். 3000 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவும் 3.8 வோல்ட் மின்னழுத்தமும் உடைய மின்கலம் ஏறத்தாழ 11.4 வாட்-மணி, அதாவது 41,040 ஜூல் ஆற்றலைச் சேமிக்கிறது. அது 24 மணி நேரம் தாங்க வேண்டுமெனில் கருவியின் சராசரி மின்செலவு 475 மில்லிவாட்டைத் தாண்டலாகாது. திரை, வானொலி அலைத் தொடர்பு, அழைப்பு, காணொளி ஆகிய அனைத்தும் இவ்வரம்புக்குள் அடங்க வேண்டும்.

திரை அணைந்த நிலையில் முதன்மைச் செயலியை விழிப்பில் வைத்திருக்க 300 மில்லிவாட் தேவைப்படுகிறது என விளக்கத்திற்காகக் கொள்வோம். ஒரு நாளில் அது 25,920 ஜூல் ஆகும்; மின்கலத்தில் ஏறத்தாழ 63 விழுக்காடு. இதே பணியை 3 மில்லிவாட்டில் செய்யும் ஒரு சிறு செயலி ஒரு நாளில் 259 ஜூல் மட்டுமே செலவிடும்; இது 0.6 விழுக்காடு. முதலாவது நிலையில் சூழலறிவு என்பது பயனர் ஏற்கவியலாத சுமை; இரண்டாவது நிலையில் அவர் உணரவே இயலாத செலவு. கருவிக்குக் கருவி எண்கள் மாறினும், இவ்விரு நிலைகளுக்கும் இடையிலுள்ள நூறு மடங்கு அளவிலான இடைவெளியே உணரி மையத்திற்கான நியாயமாக அமைகிறது.

2. முதன்மைச் செயலி இப்பணிக்குப் பொருந்தாமை

நடையை அறிவதற்கு முடுக்கமானியின் அளவீட்டை நொடிக்கு 50 முறை பெற்றால் போதும். ஒவ்வோர் அளவீட்டிலும் மூன்று அச்சுகளுக்கான 16-இருமி எண்கள் மூன்று, அதாவது 6 பைட்டுகள் உள்ளன. நொடிக்கு 300 பைட்டுகள் என்பது மிகச் சிறிய தரவு. அதன்மீது செய்ய வேண்டிய கணிப்பும் சில கூட்டல், பெருக்கல், ஒப்பீடு என்னும் அளவினதே. ஆகவே முதன்மைச் செயலியின் மின்செலவுக்குக் காரணம் பணியின் அளவன்று. பணி வந்து சேரும் ஒழுங்கே காரணம். 20 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரு சிறு பணி வந்துகொண்டிருந்தால் செயலி ஆழ்துயிலுக்குச் செல்ல வாய்ப்பே இல்லை.

விழித்தெழுதலுக்கும் ஒரு விலை உண்டு. முதன்மைச் செயலி ஆழ்துயிலிலிருந்து எழும்போது மின்னழுத்தச் சீராக்கிகள் நிலைபெற வேண்டும். கடிகாரத் துடிப்பு உறுதிப்பட வேண்டும். முதன்மை நினைவகம் தன்புதுப்பிப்பு நிலையிலிருந்து மீள வேண்டும். இயக்குதளம் தன் பணிகளை மீளத் தொடங்க வேண்டும். பணி முடிந்தபின் இவையனைத்தும் எதிர்த்திசையில் நிகழ வேண்டும். மில்லிநொடியில் முடியும் கணிப்புக்காக இம்முழுச் சடங்கும் நடைபெறுகிறது.

மூன்றாவது காரணம் மின்னணுவியல் சார்ந்தது. மின்சுற்றின் இயக்க மின்செலவு மின்னழுத்தத்தின் இருமடிக்கும் கடிகார அதிர்வெண்ணுக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. மிகுவேகத்திற்கென வடிவமைக்கப்பட்ட செயலி உயர்ந்த மின்னழுத்தத்தையும் பெருந்தொகையான டிரான்சிஸ்டர்களையும் நாடுகிறது. அவை செயற்படாத வேளையிலும் கசிவு மின்னோட்டத்தால் ஆற்றலை இழக்கின்றன. வேகத்தைக் குறைத்து ஓட்டினாலும் இக்கசிவு முற்றிலும் நீங்குவதில்லை. பெரிய செயலியை மெதுவாக இயக்குவதும் சிறிய செயலியை இயக்குவதும் ஒன்றாகா.

3. உணரி மையத்தின் அமைப்பு

உணரி மையம் என்பது உணரிகளுக்கும் முதன்மைச் செயலிக்கும் இடையே அமைந்த ஒரு நுண்கட்டுப்படுத்தி அல்லது இலக்கமுறைக் குறிகைச் செயலி ஆகும். முடுக்கமானி, சுழல்வேகத்தை அளக்கும் ஜைரோஸ்கோப், காந்தமானி, காற்றழுத்தமானி, அண்மையுணரி, ஒளியுணரி ஆகியவை அதனுடன் இணைகின்றன. பல கருவிகளில் ஒலிவாங்கியும் இணைகிறது. மையம் தனக்கெனச் சில்லிலேயே அமைந்த சிறு நினைவகத்தைக் கொண்டுள்ளது. அதன் நிரலும் தரவும் அந்நினைவகத்திற்குள்ளேயே அடங்குவதால் முதன்மை நினைவகம் துயிலிலேயே இருக்கலாம். சில்லுக்கு வெளியிலுள்ள நினைவகத்தை அணுகுவது, சில்லில் உள்ள நினைவகத்தை அணுகுவதைவிடப் பலமடங்கு ஆற்றலை வேண்டுவது என்பதால் இவ்வமைப்பு இன்றியமையாதது.

உணரிகளுக்குள்ளேயும் மின்செலவில் ஏற்றத்தாழ்வு உண்டு. இன்வென்சென்ஸ் நிறுவனத்தின் எம்பியு-6050 என்னும் பரவலாக அறியப்பட்ட உணரியில் முடுக்கமானி இயல்பு நிலையில் 0.5 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தைப் பெறுகிறது, ஜைரோஸ்கோப் 3.6 மில்லிஆம்பியரைப் பெறுகிறது. நொடிக்கு 1.25 முறை மட்டும் அளக்கும் குறைமின் நிலையில் முடுக்கமானிக்கு 10 மைக்ரோஆம்பியர் போதும். ஜைரோஸ்கோப் அதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு நுண்பொருளை உள்ளடக்கியது. அவ்வதிர்வை நிலைநிறுத்தவே ஆற்றல் செலவாகிறது. எனவே முடுக்கமானியைக் காவலாக வைத்து, அசைவு தென்பட்டபின் மட்டும் ஜைரோஸ்கோப்பை இயக்குவது அடிப்படை உத்தியாகிறது.

உணரியிலேயே அமைந்த இடைத்தேக்ககம் இன்னோர் உத்தி. அளவீடுகளை அவ்வப்போது அனுப்பாமல் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பலாம். மேற்கூறிய உணரியின் தேக்ககம் 1024 பைட்டு. 6 பைட்டு வீதம் 170 அளவீடுகள் அதில் அடங்கும். நொடிக்கு 50 அளவீடுகள் எனில் 3.4 நொடியில் அது நிறைந்துவிடும். அவ்வாறாயின் முதன்மைச் செயலி ஒரு நாளில் ஏறத்தாழ 25,400 முறை எழ வேண்டும். ஒருமுறை எழுந்து மீளத் துயில 0.5 ஜூல் செலவாகும் எனக் கொண்டால் மொத்தம் 12,700 ஜூல். மின்கலத்தில் 31 விழுக்காடு. இடைத்தேக்ககம் செலவைப் பாதியாகக் குறைக்கிறதேயன்றிச் சிக்கலைத் தீர்க்கவில்லை. தரவைப் பொருள்படுத்தி, "எழத் தேவையில்லை" என்று கூறவல்ல ஒன்று இடையில் இருந்தாலன்றி இவ்வெண்ணிக்கை மேலும் குறையாது. உணரி மையம் நிரப்பும் இடம் அதுவே.

4. வளர்ச்சி நிலைகள்

இக்கருத்து திறன்பேசிக்கு முற்பட்டது. 2002-இல் யூஜின் ஷி, பரம்வீர் பால், மைக்கேல் சின்க்ளேர் ஆகியோர் கையடக்கக் கருவியை முழுத் துயிலில் வைத்து, அழைப்பு வரும்போது மட்டும் குறைமின் வானொலிச் சுற்று ஒன்றினால் எழுப்பும் முறையை முன்வைத்தனர். 2005-இல் ஜேக்கப் சோர்பரும் உடனாய்வாளர்களும் மடிக்கணினி, கையடக்கக் கணினி, நுண்ணுணரி என மூன்று அளவிலான கணினிகளை ஒரே கருவிக்குள் படிநிலையாக அமைத்து, இயன்ற பணியைச் சிறியதே முடிக்கும் 'டர்டக்கன்' என்னும் அமைப்பை விளக்கினர். 2011-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த போதி பிரியந்தா, திமித்ரியோஸ் லிம்பரோபவுலோஸ், ஜீ லியு ஆகியோர் 'லிட்டில்ராக்' என்னும் ஆய்வின் வழி, திறன்பேசியில் தொடர் உணர்தலைத் தனியொரு குறைமின் செயலியிடம் ஒப்படைக்கும் அமைப்பைச் செய்துகாட்டினர்.

2013-ஆம் ஆண்டு இவ்வாய்வுகள் சந்தைப் பொருளாக மாறிய ஆண்டு. ஆகஸ்ட் மாதம் வெளியான மோட்டோரோலாவின் மோட்டோ எக்ஸ், சூழலறிதலுக்கு ஒன்றும் குரலறிதலுக்கு ஒன்றுமாக இரு துணைச் செயலிகளைக் கொண்டிருந்தது. செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 5எஸ், எம்7 என்னும் அசைவுத் துணைச் செயலியுடன் வந்தது. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டு 4.3 'குறிப்பிடத்தக்க அசைவு' என்னும் உணரி வகையையும், ஆண்ட்ராய்டு 4.4 அளவீடுகளைத் தொகுத்தனுப்பும் முறையையும் நடையறியும் உணரி வகைகளையும் அறிமுகப்படுத்தின.

இவற்றுள் 'குறிப்பிடத்தக்க அசைவு' சிறப்பாக நோக்கத்தக்கது. பயனர் இடம் மாறியிருக்கக்கூடும் என்று கருதத்தக்க அசைவு நேரும்போது அது ஒருமுறை மட்டும் செய்தி அனுப்பிவிட்டுத் தானே அணைந்துவிடும். அளவீடு எதனையும் அது தருவதில்லை. 'இனி நீ விழிக்கலாம்' என்னும் ஒற்றைக் குறிப்பே அதன் பயன். உணரி என்பது அளப்பது என்ற நிலையிலிருந்து முடிவுசெய்வது என்ற நிலைக்கு நகர்ந்ததை இது காட்டுகிறது.

பின்னர், தனிச் சில்லாக இருந்த துணைச் செயலி முதன்மைச் சில்லுக்குள்ளேயே தனி மின்வழங்கலுடன் கூடிய தீவாக அமையலாயிற்று. ஐபோன் 6எஸ் கருவியின் எம்9 இவ்வாறு அமைந்ததாகும். 2014-இல் "ஹே சிரி" என்னும் குரல் அழைப்பு அறிமுகமானபோது கருவி மின்னேற்றத்தில் இணைந்திருந்தால் மட்டுமே அது செயற்பட்டது. 2015-இல் எம்9 வந்த பின்னரே அக்கட்டுப்பாடு நீங்கியது. ஒரே வசதி, மின்செலவின் காரணமாக முதலில் சுவரோடு கட்டுண்டும் பின்னர் விடுபட்டும் இயங்கியமைக்கு இது தெளிவான சான்று.

5. படிநிலை விழிப்பு

குரல் அழைப்பை அறியும் முறையைச் சற்று விரிவாக நோக்குவது படிநிலை ஒழுங்கை விளக்க உதவும். ஆப்பிள் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, எந்நேரமும் இயங்கும் துணைச் செயலியில் ஒரு சிறு நரம்பியல் வலையமைப்பு ஒலியை ஆராய்கிறது. அதன் மதிப்பீடு ஒரு வரம்பைத் தாண்டினால் முதன்மைச் செயலி எழுப்பப்பட்டு, பெரிய வலையமைப்பு அதே ஒலியை மீண்டும் ஆராய்கிறது. தொடக்ககால வடிவங்களில் சிறியது 5 அடுக்குகளும் அடுக்கிற்கு 32 அலகுகளும் கொண்டது; பெரியது 5 அடுக்குகளும் அடுக்கிற்கு 192 அலகுகளும் கொண்டது. அடுத்தடுத்த இரு அடுக்குகளுக்கு இடையிலான இணைப்புகளைக் கணக்கிட்டால் முன்னதில் 1,024, பின்னதில் 36,864. ஆக 36 மடங்கு வேறுபாடு உள்ளது.

கூகுள் நிறுவனத்தின் பிக்சல் 2 கருவியில் 2017-இல் வந்த, சூழலில் ஒலிக்கும் இசையை இனங்காணும் வசதியும் இவ்வகையினதே. இசை ஒலிக்கிறதா என்பதை மட்டும் குறிகைச் செயலி தொடர்ந்து நோக்குகிறது. இசை உண்டு என உறுதிப்பட்ட பின்னரே முதன்மைச் செயலி எழுந்து, சில நொடி ஒலியைக் கருவியிலுள்ள பல்லாயிரம் பாடல்களின் அடையாளங்களுடன் ஒப்பிடுகிறது. சராசரியாக ஒரு நாளில் மின்கலத்தின் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே இது பயன்படுத்துகிறது என அதனை உருவாக்கியோர் தெரிவித்துள்ளனர்.

இரு எடுத்துக்காட்டுகளிலும் கேள்வி பிரிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். "இது எந்தப் பாடல்?" என்பது கடினமான கேள்வி, "இசை ஒலிக்கிறதா?" என்பது எளியது. எளிய கேள்வி எப்போதும் கேட்கப்படுகிறது. கடினமான கேள்வி எப்போதேனும் கேட்கப்படுகிறது. எளிய கேள்விக்கு 'இல்லை' என்ற விடை கிடைக்கும் ஒவ்வொரு முறையும் ஆற்றல் சேமிக்கப்படுகிறது. நாளின் பெரும்பொழுதில் விடை 'இல்லை' என்பதே ஆகும் என்ற உலகியல் உண்மையின் மீதே இவ்வடிவமைப்பு நிற்கிறது. நாள் முழுவதும் இசை ஒலிக்கும் கடையொன்றில் இதே கருவியின் மின்செலவு வேறாக இருக்கும்.

6. பிழைவிழிப்பும் தவறவிடுதலும்

முதற்படி இருவகைப் பிழை செய்யலாம். எழுப்பத் தேவையில்லாதபோது எழுப்புவது பிழைவிழிப்பு. எழுப்ப வேண்டியபோது எழுப்பாமை தவறவிடுதல். இவ்விரண்டும் ஒரே வரம்பு மதிப்பால் ஆளப்படுபவை. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும்.

முதற்படி நொடிக்கு ஒரு முடிவு எடுக்கிறது எனக் கொண்டால் ஒரு நாளில் 86,400 முடிவுகள். நூற்றில் ஒன்று பிழைவிழிப்பு எனினும் 864 விழிப்புகள். முன்னர்க் கொண்ட 0.5 ஜூல் வீதம் 432 ஜூல், அதாவது மின்கலத்தில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு. பயனர் ஒரு நாளில் பத்து முறை மட்டும் கருவியை உண்மையாக அழைக்கிறார் எனில், விழிப்புகளில் 99 விழுக்காடு பிழையானவை. ஆயினும் மின்செலவு தாங்கத்தக்கதே. பயனர் 864 முறை வீணாக விடைபெறுவதைத் தாங்கமாட்டார் என்பதே இங்கு எழும் சிக்கல். அதனைத் தீர்ப்பது இரண்டாம் படி. தன்னிடம் வரும் பிழைவிழிப்புகளில் ஆயிரத்தில் ஒன்றை மட்டும் அது கடக்கவிட்டால், நாளொன்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பிழையே பயனரை அடையும்.

தவறவிடுதலுக்கு இத்தகைய திருத்தம் இல்லை. முதற்படி 95 விழுக்காடும் இரண்டாம் படி 95 விழுக்காடும் சரியாகப் பிடித்தால் மொத்தம் 90 விழுக்காடே கிட்டும். முதற்படி விட்டதை இரண்டாம் படி காண்பதே இல்லை. எனவே முதற்படியின் வரம்பு தளர்வாகவும் இரண்டாம் படியின் வரம்பு கடுமையாகவும் அமைவதே முறை. இங்குக் கவனிக்கத்தக்கது, பிழைவிழிப்பு தன்னைத் தானே வெளிப்படுத்திக்கொள்ளும் என்பதாகும். பயனர் எரிச்சலடைவார், பதிவேட்டில் அது இடம்பெறும், வடிவமைப்பாளர் திருத்துவார். தவறவிடப்பட்ட நிகழ்வோ எங்கும் பதிவாவதில்லை. கருவியின் பார்வையில் அது நிகழவே இல்லை. கண்ணுக்குத் தெரியும் பிழையைக் குறைக்கும் முனைப்பில் தெரியாத பிழை கூடிவிடும் இடர் இவ்வமைப்பில் இயல்பாகவே பொதிந்துள்ளது.

உயிர்காப்புப் பயன்பாடுகளில் இவ்விடர் கூர்மையாகிறது. 2022-இல் ஐபோன் 14 வரிசையில் வாகன மோதலை அறிந்து அவசர உதவியை அழைக்கும் வசதி வந்தது. அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காக்களில் ரோலர் கோஸ்டரில் சென்றோரின் கருவிகள் தாமாகவே அவசர எண்ணை அழைத்த செய்திகள் அவ்வாண்டே வெளியாயின. வரம்பை உயர்த்தினால் இவ்வகை அழைப்புகள் குறையும். ஆனால் ஆளில்லாச் சாலையில் நிகழும் ஓர் உண்மையான மோதல் அறியப்படாமற் போகும் வாய்ப்பும் கூடும். எது ஏற்கத்தக்கது என்பதைப் பொறியியல் மட்டும் முடிவுசெய்ய இயலாது.

7. ஆய்வுத் தரவாக நடை எண்ணிக்கை

பொதுநலம், உடற்கல்வி, முதியோர் நலம், நகரமைப்பு ஆகிய துறைகளில் திறன்பேசியின் நடை எண்ணிக்கை ஆய்வுத் தரவாகப் பயன்படுகிறது. அவ்வாய்வாளர் கருத்திற்கொள்ள வேண்டியவை உள.

முதலாவதாக, உணரி மையம் தருவது முடிவு, மூல அளவீடன்று. முடுக்கமானியின் அளவீடுகள் மையத்திற்குள் ஆராயப்பட்டு அழிக்கப்படுகின்றன. எண்ணிக்கை மட்டும் எஞ்சுகிறது. சேமித்துவைத்தால் மின்னும் நினைவகமும் செலவாகும் என்பதே இதற்குக் காரணம். ஐபோனில் இவ்வகைச் சுருக்கத் தரவைக்கூட அசைவுத் தரவுச் சேவை ஏழு நாள்களுக்கு மட்டுமே பயன்பாட்டு மென்பொருள்களுக்கு வழங்குகிறது. ஆகவே ஓர் எண்ணிக்கை ஐயத்திற்குரியது எனில் பின்னர் அதனைச் சரிபார்க்க வழியில்லை.

இரண்டாவதாக, துல்லியமும் விரைவும் ஒன்றுக்கொன்று விலையாகின்றன. ஆண்ட்ராய்டில் ஒவ்வோர் அடியையும் அறிவிக்கும் உணரிக்கு இரண்டு நொடிக்குட்பட்ட தாமதமும், மொத்த அடிகளை எண்ணும் உணரிக்குப் பத்து நொடி வரையிலான தாமதமும் உண்டு. பின்னது கூடுதல் நேரம் நோக்கிய பின்னரே எண்ணுவதால் துல்லியம் மிக்கது. ஒருவர் வீட்டினுள் மூன்று நான்கு அடிகள் வைத்து நின்றுவிட்டால் அவ்வடிகள் நடையாகக் கொள்ளப்படாமற் போகலாம்.

மூன்றாவதாக, நடையறியும் முறைகள் சீரான, போதிய வீச்சுடைய அதிர்வையே நடையென ஏற்கின்றன. மெதுவாக நடக்கும்போது அடிகள் குறைவாக எண்ணப்படுவது பல ஆய்வுகளில் கண்டறியப்பட்ட உண்மை. ஊன்றுகோலுடன் நடக்கும் முதியவரின் அசைவு, வேகமாக நடக்கும் இளைஞரின் அசைவைப் போன்றதன்று. எந்தப் பிரிவினரின் நடமாட்டத்தை அறிவது மருத்துவ நோக்கில் மிகத் தேவையோ, அப்பிரிவினரின் நடையே மிகுதியும் விடுபடுகிறது. அவ்விடுபாடு 'அவர் நடக்கவில்லை' என்னும் தோற்றத்துடன் தரவில் நிற்கிறது. எனவே தரவில் காணும் சுழியத்தை அசைவின்மையெனக் கொள்ளுமுன், அது அறியாமையாகவும் இருக்கலாம் என ஆய்வாளர் எண்ணிப்பார்த்தல் வேண்டும். சிறு குழுவொன்றிலேனும் நேரில் எண்ணிப் பார்த்து ஒப்பிடுவது இதற்குரிய எளிய பரிகாரம்.

8. அந்தரங்கமும் கட்டுப்பாடும்

உணரி மையம் அந்தரங்கத்திற்கு இருவகையில் தொடர்புடையது. ஒலியும் அசைவும் கருவிக்குள்ளேயே ஆராயப்பட்டு அழிவதால் அவை வெளியே செல்லத் தேவையில்லை. மின்சேமிப்புக்கென அமைந்த ஒழுங்கு அந்தரங்கத்திற்கும் துணைசெய்கிறது. மறுபுறம், எப்போதும் விழித்திருக்கும் உணரி எப்போதும் சான்று திரட்டும் உணரியும் ஆகலாம். 2014-இல் யான் மிக்கலேவ்ஸ்கி, டான் போனே, கபி நக்கிப்லி ஆகியோர், ஒலிவாங்கி இன்றி ஜைரோஸ்கோப்பின் அளவீடுகளைக் கொண்டே பேச்சைப் பற்றிய தகவலைப் பெறவியலும் எனக் காட்டினர். ஒலியலை அந்நுண்பொருளையும் அதிரச்செய்வதே காரணம். அசைவுணரிகளுக்கு அக்காலத்தில் பயனரின் ஒப்புதல் தேவைப்படவில்லை.

இயக்குதளங்கள் படிப்படியாக இதனை நெறிப்படுத்தின. ஆண்ட்ராய்டு 9 பின்னணியில் இயங்கும் பயன்பாட்டு மென்பொருள்கள் ஒலிவாங்கியையும் தொடர் உணரிகளையும் அணுகுவதைத் தடுத்தது. ஆண்ட்ராய்டு 10 நடைத்தரவுக்குப் பயனரின் ஒப்புதலை வேண்டியது. ஆண்ட்ராய்டு 12, தனி ஒப்புதல் அறிவிப்பு இல்லாத பயன்பாட்டு மென்பொருள்களுக்கு அசைவுணரிகளின் வேகத்தை நொடிக்கு 200 அளவீடுகள் என வரையறுத்தது.

உணரி மையத்திற்குள் இயங்கும் நிரல்களோ பயனரின் பார்வைக்கு அப்பாற்பட்டவை. ஆண்ட்ராய்டின் சூழல் மைய இயக்கச் சூழலில் இயங்கும் நுண்நிரல்களைக் கருவி உருவாக்குநரும் அவரது நம்பிக்கைக்குரியோரும் மட்டுமே நிறுவ இயலும். பாதுகாப்பு நோக்கில் இது முறையானதே. எனினும் எதை நடையெனக் கொள்வது, எந்த ஒலிக்கு எழுவது, எந்த வரம்பில் அமைவது என்னும் முடிவுகள் வெளி ஆய்வாளரின் சோதனைக்கு எளிதில் உட்படுவதில்லை என்பதும் இதன் விளைவாகும்.

முடிவுரை

உணரி மையம் மின்சேமிப்புக்கெனத் தோன்றிய ஒரு துணைச் செயலி. அதன் வெற்றிக்குக் காரணம், கடினமான கேள்வியை எளிய கேள்வியால் முன்னரே வடிகட்டும் படிநிலை விழிப்பு என்பதை மேற்கண்ட கணக்கீடுகள் காட்டுகின்றன. இடைத்தேக்ககம் விழிப்புகளைத் தொகுக்கிறது. உணரி மையம் அவற்றைத் தேவையற்றனவாக்குகிறது.

அதே ஒழுங்கு ஒரு பொறுப்பையும் சிறு செயலியின்மீது சுமத்துகிறது. பெரிய செயலியின் கணிப்புத்திறன் எவ்வளவு பெருகினும், சிறிய செயலி எழுப்பாத ஒன்றை அது அறியப்போவதில்லை. ஆகவே இத்துறையின் ஆய்வுகள் மின்செலவையும் பிழைவிழிப்பையும் அளப்பதோடு, தவறவிடுதலைப் பயனர் பிரிவு வாரியாகவும் அளந்து வெளியிடுதல் வேண்டும். மெதுவாக நடப்போர், மாறுபட்ட நடையுடையோர், மாறுபட்ட ஒலிப்புடையோர் ஆகியோரைக் கொண்டு முதற்படியின் வரம்புகளைச் சோதிக்கும் ஆய்வுகள், பொறியியலாரும் சமூக அறிவியலாரும் இணைந்து மேற்கொள்ளத்தக்கவை. முதற்படியின் வரம்பு மதிப்பு ஒற்றை எண்ணாக இருப்பினும், கருவி யாரை அறிகிறது, யாரை அறியாமல் விடுகிறது என்பது அதனைப் பொறுத்தே அமைகிறது.